‘ரவுசிங்’ பற்றி நீ கேட்டது

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு, பழையபடி சாப்பிடத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிட்டாள். இனிமேலாவது நன்றாகத் தூங்கட்டும்.

சரி, நீ மொழிபெயர்க்கும் புத்தகத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘ரவுசிங்’ (rousing) என்று வரும் இடத்தில் ‘பரபரப்பான’ என்று போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். தனியாக உட்கார்ந்து துப்பறியும் கதை படித்தாலும் பரபரப்பு வரும். அதற்கு ‘திரில்லிங்’, ‘எக்ஸைட்டிங்’ எல்லாம் இருக்கின்றன. ‘ரவுசிங்’ பெரும்பாலும் கூட்டத்தோடு சேர்ந்த சொல். கேட்டவர்கள் குரல் எழுப்ப வேண்டும், ஏதாவது செய்யக் கிளம்ப வேண்டும். ‘ரவுஸ்’ என்ற வினைச்சொல்லே வேட்டைக்காரர்களுடையது. முதலில் வல்லூறு இறகைச் சிலிர்த்து உதறுவதைக் குறித்தது. பிறகு, புதரில் பதுங்கிய விலங்கைக் கிளப்பி ஓடவிடுவதை. தூக்கத்திலிருந்து எழுப்புவதும் உணர்ச்சியை எழுப்புவதும் அதற்கப்புறம் வந்தவைதான்.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவகத்தின் முன் மார்ட்டின் லூதர் கிங் பேசினாரே, அந்த ஒலிப்பதிவைக் கேள். எழுதி வைத்திருந்ததை ஒட்டியே பேசி வந்தவர், முடிவு நெருங்கும்போது தாளை விட்டு விலகி மனத்திலிருந்து பேசுகிறார். கூட்டத்தின் குரலும் கூடவே ஏறுகிறது. எனக்கு ‘ரவுசிங்’ என்றால் அந்தக் கடைசிப் பகுதிதான். ‘எழுச்சியூட்டும்’ என்று தயங்காமல் எழுதலாம். ‘கிளர்ச்சியூட்டும்’ மட்டும் வேண்டாம்; படிப்பவர்களுக்குப் போராட்டம் நினைவுக்கு வரும், இல்லையென்றால் காமம்.

ஆனால் எல்லா இடத்திலும் எழுச்சி பொருந்தாது. வரவேற்பு என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘ஆரவாரமான’ போதும். ‘ரவுசிங் சக்ஸஸ்’ என்றால் வெறும் பெரிய வெற்றிதான்; அங்கே யாரும் யாரையும் எழுப்பவில்லை. இன்னொன்று, ‘அரவுசிங்’ (arousing) என்பதை இதோடு குழப்பிவிடாதே. இன்றைய ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பாலுணர்வைத் தூண்டுவதையே சொல்கிறது. வினைச்சொல்லாக வந்தால் பரவாயில்லை. சந்தேகத்தையோ ஆர்வத்தையோ எழுப்புவதாக இருக்கும்.

உன் புத்தகத்தில் அது எதற்கு முன்னால் வருகிறது, பேச்சுக்கா, பாட்டுக்கா? அந்தப் பத்தியை அப்படியே எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்