வார்லி ஓவியத்தை யார் வரைவது?

ஆசிரியருக்கு,

அரசு அலுவலகச் சுவர்களை வார்லி ஓவியங்களால் அழகுபடுத்தப் போவதாக வெளியான செய்தியைப் படித்தேன். நல்ல முடிவுதான், யார் வரையப் போகிறார்கள் என்பதைத்தான் காணோம். மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதியில், செம்மண் பூசிய வீட்டுச் சுவரில், அரிசி மாவுக் கரைசலைத் தொட்டு, நுனி நைந்த மூங்கில் குச்சியால் திருமணத்துக்காக வார்லி பழங்குடிப் பெண்கள் வரைந்துவந்த கலை இது. வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷேவுக்கு 2011-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இருந்தும், தாணேயில் நான் தங்கிய விடுதியொன்றில் தார்ப்பா என்ற ஊதுகருவியின் இசைக்கு வார்லி மக்கள் ஆடும் நடனத்தை வினைல் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள். தார்ப்பா ஊதுபவனின் தலை இருக்க வேண்டிய இடத்தில் சுவிட்ச் பலகை!

பழங்குடி ஓவியர்களையே அமர்த்த வேண்டும், ஓவியத்தின் கீழ் அவர்கள் பெயரை எழுத வேண்டும் என ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனை சேர்க்கலாம்.

- வாசகர், மும்பை