‘ப’ என்பது தலைப்பெழுத்து அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான உகாண்டா பயணக் கட்டுரையில், “வடக்கே வாழும் அச்சோலி மக்களுக்குக் கடவுள் என்ற ஒன்றைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மிஷனரிமார்களே; அதற்கு முன்பு அவர்களிடம் இருந்தது வெறும் பேய் வழிபாடு” என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதே பக்கத்தின் கீழே ஒரு கட்டத்துக்குள், ‘பழங்குடிப் பாடகர் பி. பிடெக்’ என்ற தலைப்பில் மூன்று வரிக் குறிப்பும் இருந்தது. மேலே உள்ள அந்த வாக்கியத்துக்கு மறுப்பாகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஓர் அறிஞரை அதன் காலடியிலேயே பாடகராக உட்கார வைத்துவிட்டீர்களே என்று அன்று முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை.

அவர் பெயர் ஒகோட் ப’பிடெக். அச்சோலி மொழியில் ‘ப’ என்பது ‘உடைய’ என்று பொருள்படும் சொல். 1966-இல் நைரோபியில் வெளியாகி அவருக்குப் புகழ் தேடித்தந்த நெடுங்கவிதையான ‘லவினோவின் பாட்டு’க்கு மூல மொழியில் ‘வேர் ப லவினோ’ என்றுதான் பெயர். அதைத் தலைப்பெழுத்தாக்கிப் புள்ளி வைத்ததைக்கூட அச்சுப் பிழை என்று பொறுத்துக்கொள்வேன். ஆனால் கவிஞர் என்பது அவருடைய பாதி வாழ்க்கைதான். 1931-இல் வட உகாண்டாவின் கூலு நகரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்து, 1956-இல் உகாண்டா கால்பந்து அணியோடு பிரிட்டனுக்குப் போய், அங்கேயே தங்கிப் பிரிஸ்டலில் கல்வியியலும் அபெரிஸ்ட்வித்தில் சட்டமும் ஆக்ஸ்போர்டில் சமூக மானிடவியலும் படித்தவர். அந்த ஆண்டுகளிலேயே தம் மத நம்பிக்கையைவிட்டு விலகியவர். ஆக்ஸ்போர்டின் முதல் வகுப்பிலேயே ஆசிரியர் ஆப்பிரிக்கரைக் காட்டுமிராண்டிகள் என்றும் ஆதிமனிதர்கள் என்றும் சொல்லிக்கொண்டே போனதை எழுந்து மறுத்ததாகவும், பயன் இருக்கவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதே பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஹக் ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, மற்றதெல்லாம் இருள் என்று 1963-இல் பேசியது தாங்கள் அறியாததன்று.

‘இருள்’ என்ற அந்தப் பேச்சுக்கு மறுமொழிபோலத்தான் 1970-இல் மேற்கத்திய ஆய்வுலகம் ஆப்பிரிக்க மதங்களைக் கையாண்ட விதத்தைப் பற்றிய நூலையும், அடுத்த ஆண்டே, அச்சோலியரையும் உள்ளடக்கிய மத்திய லுவோ மக்களின் மதத்தைப் பற்றிய நூலையும் அவர் எழுதினார். முதல் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. 1911-இல் இத்தாலியக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் அச்சோலிப் பெரியவர்களிடம் ‘உங்களைப் படைத்தவர் யார்?’ என்று கேட்டார்கள். படைத்தல் என்பதற்கு அம்மொழியில் தனிச்சொல் இல்லாததால் கேள்வி ‘உங்களைப் பிசைந்து உருவாக்கியவர் யார்?’ என்று போய்ச் சேர்ந்தது. மனிதர் தாய் வயிற்றில் பிறப்பவர்கள் ஆயிற்றே, தெரியாது என்றார்கள் பெரியவர்கள். பாதிரியார்கள் விடவில்லை. கடைசியில் ஒருவருக்கு, நன்றாகப் பிறந்த மனிதனையும் முதுகெலும்புக் காசநோய் வளைத்து வேறு உருவமாக்கிவிடுவது நினைவுக்கு வர, ‘மனிதரைப் பிசைபவன் ருபங்கா’ என்றார். ருபங்கா என்பது கூன் விழச்செய்யும் கொடிய ஆவியின் பெயர். அன்றிலிருந்து கிறிஸ்தவக் கடவுளுக்கு அச்சோலியில் அதுவே பெயராயிற்று. ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று நம் விவிலியம் சொல்லும் இடம், அவர்கள் மொழியிலிருந்து திருப்பிப் பெயர்த்தால், வெகு காலத்துக்கு முன்பிருந்தே செய்தி இருந்தது, செய்தி கூனல் ஆவியிடம் இருந்தது, செய்தியே கூனல் ஆவி என்று ஆகும் என ஒகோட் காட்டுகிறார்.

இது நூலில் மட்டும் படித்த செய்தியன்று. 1994 முதல் ஆறு ஆண்டுகள் கம்பாலாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தேன். கூலுவிலிருந்து வந்த சக ஆசிரியர் ஒருவரின் அத்தைக்கு இளவயதிலேயே முதுகு வளைந்திருந்தது; அதை ருபங்கா செய்த வேலை என்றே ஊரார் சொல்வார்களாம். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் அத்தையின் முதுகே கண்முன் வரும், எதற்காக இவரைப் போற்றுகிறோம் என்று அம்மாவிடம் கேட்டு அடிவாங்கினேன் என்று, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவர் எனக்குச் சொன்னார். தங்கள் கட்டுரையாளர் ‘சொல்லிக் கொடுத்தார்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனது இதைத்தான்.

இந்த இதழில் அக்கட்டுரைக்கு வாசகர் ஒருவர், ஆப்பிரிக்கர்களும் ஆதிமுதல் ஒரே பரம்பொருளை வணங்கியவர்களே என்று நல்லெண்ணத்தோடு மறுப்பு எழுதியிருக்கிறார். ஒகோட் இதையும் ஏற்றிருக்க மாட்டார். கென்யாவின் ம்பிட்டி, நைஜீரியாவின் இடொவு, கானாவின் டான்குவா போன்ற தம் கண்டத்து அறிஞர்களையே, ஆப்பிரிக்கத் தெய்வங்களுக்குக் கிரேக்க அங்கி மாட்டி மேலைநாட்டார் முன் ஊர்வலம் விடும் அறிவுக் கடத்தல்காரர்கள் என்று கடிந்தவர் அவர். மத்திய லுவோ மக்களிடம் எல்லாம் வல்ல ஒற்றைக் கடவுள் இல்லை என்பதே அவர் துணிபு. ஒவ்வொரு ஆட்சிப்பகுதிக்கும் தன் ‘ஜோக்’ என்னும் தெய்வ ஆவி இருந்தது, ஆண்டுதோறும் அதற்கு விழா இருந்தது, காரணம் தெரியாத நோய் வந்தால் ஆராய்ந்து சொல்ல ‘அஜ்வாகா’ என்னும் குறிசொல்லி இருந்தார். இவற்றைக் கொண்டு அவர்கள் வாழ்க்கையை நடத்தினார்கள். ஆகவே கடவுள் கருத்து வெளியிலிருந்து வந்தது என்ற முதல் பாதியை அவரே ஒப்புக்கொண்டிருப்பார். ‘வெறும்’ என்ற அந்த ஒரு சொல்தான் என்னைச் சுட்டது. இல்லாததை இழிவென்று எண்ணுகிறவர்தான் ‘வெறும்’ என்பார். இழிவென்று எண்ணுவதால்தான் மறுப்பு எழுதிய வாசகரும் இரக்கப்பட்டு ஒரு பரம்பொருளைக் கடன் கொடுக்கிறார்.

வருத்தம் புதியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வெளியிட்ட உகாண்டா சிறப்புப் பகுதியில் இடி அமீனும் 1972-இல் ஆசியர்கள் வெளியேற்றப்பட்டதும் எல்லாப் பக்கங்களையும் நிறைத்திருந்தன. அந்நாட்டார் ஒருவருடைய சிந்தனைக்காவது அரைப்பக்கம் இல்லை. அப்போது ஒகோட்டைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பினேன். கிடைத்தது என்ற பதிலும் வரவில்லை. பின்னொரு இதழில் ‘ஆப்பிரிக்க மொழி’ என்று ஒருமையில் படித்தேன். நான் ஊர் திரும்பியபோது நடந்த வரவேற்பில்கூட என்னைக் ‘காட்டுக்குள் போய்ப் பாடம் சொன்னவர்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்த மக்கெரெரே கல்வி நிறுவனம் 1922-லேயே தொடங்கப்பட்ட நகரம் கம்பாலா. மரியாதைக்காக அன்று வாய்மூடி இருந்ததை இன்றுவரை என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

ஒகோட் உகாண்டா தேசிய நாடக அரங்கின் இயக்குநராக இருந்து, பதவியை இழந்து, கென்யாவில் நெடுங்காலம் வாழ்ந்து, மக்கெரெரேக்குப் பேராசிரியராகத் திரும்பிய 1982-லேயே, 51 வயதில் மறைந்தார்.

பயணக் கட்டுரையாளரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அவர் கேள்விப்பட்டதை எழுதியிருப்பார். அடுத்த இதழின் திருத்தங்கள் பகுதியில், ‘பி. பிடெக்’ என்பதை ‘ஒகோட் ப’பிடெக், கவிஞர், மானிடவியல் அறிஞர்’ என்று படிக்கவும் என ஒரு வரி வெளியிட்டால் போதும். முன்பு அனுப்பிய கட்டுரையின் படியை இத்துடன் மீண்டும் இணைத்துள்ளேன். வெளியிட இயலாவிட்டால் திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்