கோரை முதலில், செடி பிறகு

ஆனைமலை,
மாசி மாதம்.

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அத்தை வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடியோடு கொல்லைப்புறம் வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். மாசாணியம்மன் குண்டம் முடிந்து ஊர் இப்போதுதான் அமைதியாகி இருக்கிறது. வாளையார்க் கணவாய்க் காற்று மட்டும் இன்னும் ஓயவில்லை.

வீட்டுத் தோட்டத்தில் இருக்கும் கொரியன் புல்தரையை எடுத்துவிடலாம் என்ற உன் முடிவு ரொம்பச் சரி. கணக்குப் போட்டுப் பார். மூன்று சென்ட் என்றால் 121 சதுர மீட்டர். கோடையில் இந்தக் காற்றுக்குப் புல் பச்சையாக நிற்க நாளுக்கு 5 மி.மீ. தண்ணீராவது வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. என்பது ஒரு லிட்டர். அப்படியானால் நாளுக்கு 600 லிட்டர், ஆயிரம் லிட்டர் டேங்கில் பாதிக்கும் மேலே. கேரளம் என்று பெயர்தானே தவிர, உன் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கு மற்ற கேரளத்தில் பெய்வதில் பாதி மழை கூட இல்லை. அந்த போர்வெல்லை நம்பிப் புல் வளர்ப்பது வேண்டாம்.

புல்லுக்குப் பதில் என்ன நடலாம் என்று நீ கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் கோரைக் களையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தச் செடி வைத்தாலும் கெடுப்பது அதுதான். ஒரு தண்டைப் பிடுங்கி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார். மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை. மேலே இழுத்தால் கம்பி மாதிரி இருக்கும் வேர் அறுந்து, கறுப்புக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஒன்றைப் பிடுங்கினால் அதோடு கோத்திருக்கும் அடுத்த கிழங்கு முளைக்கும். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினாலும் அந்த ஊசி முனை ஷீட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பரப்பிப் புல்லைச் சாகடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் பக்கத்து வறட்சியில் அட்டைக்குக் கீழே கரையான் புற்று வைக்கும், அங்கிருந்து வீட்டு நிலைக்கதவுக்கு ஏறும். வேண்டாம்.

கோடை உழவுதான் இதற்கு வைத்தியம். இந்த மாசியிலேயே ஒரு முழு நனைப்பு கொடுத்து, மண் பதமானதும் மண்வெட்டியால் அரை அடி ஆழம் கொத்திப் புரட்டு. பெரும்பாலான கிழங்கு அந்த அரை அடிக்குள்தான் இருக்கும். உன்னுடையது கரிசல், கட்டி கட்டியாகப் புரளும். கட்டியை உடைக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் கிழங்கு ஈரத்தோடு பிழைத்துக்கொள்ளும். அதனால் உடைத்து, கைக்குக் கிடைத்த கிழங்கைப் பொறுக்கிப்போட்டு, மிச்சத்தை இரண்டு வாரம் வெயிலில் காயவிடு. பிறகு மறுபடி நனை. தப்பியது முளைக்கும். நாலைந்து இலை விட்டதும், அதாவது மூன்று வாரத்துக்குள், கிழங்கோடு தோண்டி எடுத்துவிடு. தாமதித்தால் புதுக் கிழங்கு கட்டிவிடும். வைகாசிக்குள் இப்படி மூன்று சுற்று வரும். இதில் அவசரப்படாதே. இந்த மூன்று மாத வேலையை ஒழுங்காகச் செய்தால் பிறகு முதுகு வளைக்கும் வேலை வெகுவாகக் குறையும்.

இனி நடவு. மூன்று சென்டுக்கும் ஒரே செடி என்று யோசிக்காதே.

முதலில் அத்தையின் நடைபாதை. உதிரி ஜல்லியும் தனித்தனிக் கல்லும் கைத்தடிக்கு ஆகாது, தொடர்ச்சியான மூன்றடி அகலப் பாதையாக இருக்கணும். கரிசல் மேல் நேராக இன்டர்லாக் கல் பதித்தால் மழையில் மண் உப்பி, கோடையில் வெடித்து, இரண்டே வருஷத்தில் கல் கோணிவிடும். ஒன்பது அங்குலம் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, ஆறு அங்குலம் கிராவல் (சரளை மண்) கொட்டித் திமிசு போடு. அதன் மேல் இரண்டு அங்குலம் கிரஷர் பொடி, பிறகு கல். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட்டில் பதித்த ஓரக்கல் வேண்டும், இல்லாவிட்டால் பொடி நழுவும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக நாலடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் விடு. வழுவழுப்பான கடப்பாக் கல் வேண்டாம், நனைந்தால் வழுக்கும். சொரசொரப்பான கருங்கல் பலகை நல்லது.

வெயில் விழும் இடம் முழுக்கப் பொடுதலை. நம் வாய்க்கால் கரையில் தரையோடு தரையாக, வெள்ளையும் ஊதாவுமாகச் சின்னப் பூக்கொண்டையோடு கிடக்குமே, அதேதான். மிதிபட்டாலும் தாங்கும், கணு ஒவ்வொன்றிலும் வேர்விடும். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, மூன்று நாலு கணுவோடு தண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாணுக்கு ஒன்று நடு. ஒரு சென்டுக்குச் சுமார் 800 தண்டு ஆகும். முதல் பத்து நாள் தினமும் தண்ணீர், பிறகு மூன்றாம் வாரம் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள், அப்புறம் மழை இல்லாத வாரங்களில் ஒரு தரம் போதும். மூன்று மாதத்தில் மூடிவிடும். கோடையில் தண்ணீரே விடாவிட்டால் பழுத்துச் சுருங்கும், மழை வந்ததும் கணுவிலிருந்து துளிர்க்கும். நிழலில் வைக்காதே, நீண்டு மெலிந்து மண் தெரியும். ஒன்று ஞாபகம்: பூக்கும்போது தேனீ மொய்க்கும். பாப்பா வெறுங்காலோடு ஓடுகிற ஓரமாக இருந்தால் மாதம் ஒரு முறை கத்தரித்துப் பூவை எடுத்துவிடு. மற்ற இடத்தில் வருஷத்துக்கு மூன்று தரம் வெட்டினால் போதும்.

மாமரத்தடிக்குப் பின்டோ பீநட். நிலக்கடலை இலையும் மஞ்சள் பூவுமாக நர்சரியில் கிடைக்கும். அரை நிழலில் நன்றாக வரும், தழைச்சத்தையும் தானே சேர்த்துக்கொள்ளும். அடிக்கு ஒரு தண்டு. முதல் இரண்டு மாதம் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதே. மூட ஆறு மாதம்கூட ஆகலாம், அதுவரை கையால் களை எடுத்தாகணும். உன் கரிசலில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறலாம். அது இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு தரம் மாலையில் தெளி. நடும்போதே மக்கிய தொழுவுரம் கலந்தால் பாதி தொல்லை குறையும். நம்ம பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று நார் மில்லிலிருந்து பச்சைத் தென்னை நார்க்கழிவைக் கொட்டிவிடாதே. மக்காத நார்க்கழிவு மட்குவதற்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும்.

பாப்பா பந்து விளையாடும் அரை சென்டில் எதையும் நடாதே. தினமும் விளையாடும் காலுக்கு எந்தச் செடியும் நிற்காது. நாலு அங்குலம் கிராவல் கொட்டி, நனைத்து இறுக்கி, பெருக்கித் தெளித்த முற்றமாக வைத்துக்கொள். இறுகும்போது அமுங்கும் என்பதால் ஒரு யூனிட் (நூறு கன அடி) இறக்கு. பிளாஸ்டிக் புல் வேண்டவே வேண்டாம், மத்தியான வெயிலில் கால் வைக்க முடியாது.

சுவரோரம் மூன்றடிக்கு வீட் மேட் (களை தடுக்கும் விரிப்பு) விரித்து, இரண்டு அங்குல உயரத்துக்கு அரை இன்ச் ஜல்லி போட்டுவிடு. பூச்சி பொட்டு வந்தால் கண்ணில் படும், கரையானும் சுவரேறினால் தெரியும். மேட் இல்லாமல் போட்டால் ஒரே மழைக்காலத்தில் ஜல்லி கரிசலுக்குள் போய்விடும்.

நர்சரிக்காரர் "தண்ணியே வேணாங்க, தானா படரும்" என்று மஞ்சள் பூ வெடேலியாவைத் தலையில் கட்டப் பார்ப்பார். இலையில் மூன்று மடல் இருந்தால் வாங்காதே. உலகின் மிக மோசமான 100 அயல் படையெடுப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயுசிஎன் வெளியிட்ட பட்டியலில் அது இருக்கிறது. உன் வேலி தாண்டி வாய்க்காலில் இறங்கினால் பக்கத்து வயல்காரருக்கும் சேர்த்துப் பாதிப்பு. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் பார்க்க அதே சாயல்தான், ஆனால் இலை மடல் இல்லாமல் ஒடுங்கி நீண்டிருக்கும், பூவும் சிறியது. அது கிடைத்தால் குழாயடி ஈரத்தில் தாராளமாக வை.

மூன்றாம் சுற்றுக் கோரை எடுத்து முடித்ததும் ஒரு போன் போடு. வைகாசிக் கடைசியில் முதல் மழை விழுந்த மறுநாள் பொடுதலைத் தண்டை வெட்டி, ஈரச் சாக்கில் கட்டிப் பாலக்காடு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். வந்த அன்றைக்கே நட்டுவிடணும், அதனால் தங்கச்சியிடம் சொல்லி இரண்டு ஆளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்து வை.

அன்புடன்,
உன் மாப்ளே