முக்கு வெட்டிய ஊர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஊர் வந்து சேர்ந்து பதினோரு நாள் ஆகிறது. உன் அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ கொடுத்துவிட்ட தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, டென்மார்க் தைலம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போன அந்த வியாழக்கிழமை, என்னைக் கோபன்ஹேகன் நடைப் பயணக் கூட்டத்தில் சேர்த்துவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சாயங்காலம் வந்து "எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டாய். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். உன் முகம் கொஞ்சம் வாடியது, பார்த்தேன். காசு வீண் என்று நினைத்திருப்பாய். வீண் இல்லை. சொல்ல நிறைய இருந்தது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய்.

கூடச் சொன்ன இடம் நகர மன்றக் கட்டடத்தின் முன்னால். நான் அரை மணி முன்னாலேயே போய்விட்டேன். சும்மா நிற்பானேன் என்று கட்டடத்தைச் சுற்றி வந்தால், பக்கத்திலேயே சிவப்புச் செங்கல்லில் ஒரு தீயணைப்பு நிலையம்! 1892-இல் கட்டியது. வண்டி வெளியே வர வரிசையாகப் பெரிய பெரிய கதவுகள். ஒரு பையன் உள்ளே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நானும் இந்த வேலைதான், முப்பத்தொரு வருஷம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து கை கொடுத்தான். அந்த ஐந்து நிமிடத்திலேயே எனக்கு டூர் முடிந்த மாதிரி இருந்தது. இதைக்கூட உன்னிடம் சொல்லவில்லை பார்.

வழிகாட்டி ஒரு கல்லூரிப் பையன். மஞ்சள் குடையை மடக்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். பதினேழு பேர் இருந்தோம். முதல் கால் மணியிலேயே நான் சைக்கிள் பாதையில் நின்று, மணியடித்துக்கொண்டு வந்த ஒரு அம்மாவிடம் திட்டு வாங்கினேன். என்ன திட்டினார் என்று புரியாததால் வருத்தமில்லை.

அந்தப் பையன் ராஜாக்கள் கதைதான் சொல்ல வந்தான். எல்லா நாட்டு வழிகாட்டியும் அப்படித்தான், எந்த ராஜா யாரைக் கட்டினான், எவன் தலை உருண்டது. நான் கேட்டது வேறு கதை. அந்த ஊர் எத்தனை முறை எரிந்திருக்கிறது தெரியுமா? நீ அங்கே ஆறு வருஷமாக இருக்கிறாய், தெரிந்திருக்கலாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பழைய சந்தை, புதுச் சந்தை என்று இரண்டு சதுக்கம் ஒட்டி ஒட்டி இருக்குமே, நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் சாப்பிட்ட இடம். அந்த இரண்டுக்கும் நடுவில் முன்பு நகர மன்றம் இருந்ததாம். 1728 தீயில் போனது. திரும்பக் கட்டினார்கள். 1795-இல் மறுபடி எரிந்தது. அப்புறம் அந்த இடத்தில் கட்டவே இல்லை. அது நின்ற இடத்தைத் தரைக்கல்லில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் நீரூற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்த்தேன்.

நீரூற்றையும் பார்த்தேன், ஆனால் சிலைக்காக இல்லை. 1608-இல் நான்காம் கிறிஸ்டியன் ராஜா வைத்தது. ஊருக்கு வெளியே எம்ட்ரப் ஏரியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் கண் முதலில் தண்ணீர் எங்கே என்றுதான் தேடும். எந்த ஊருக்குப் போனாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும்கூட, கிணறு எங்கே, வண்டி எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவேன். உன் அம்மாவுக்கு இது பிடிக்காது.

1728 தீ அக்டோபர் 20-ஆம் தேதி சாயங்காலம் பிடித்து, 23-ஆம் தேதி காலைவரை எரிந்தது. ஒரு சின்னப் பையன் மெழுகுவர்த்தியைத் தட்டிவிட்டான் என்று கதை சொல்கிறார்கள். ஊரில் கால் பங்குக்கும் மேல் சாம்பல். வட்டக் கோபுரத்தை ஒட்டி ஒரு தேவாலயம் இருக்கிறதல்லவா, அதன் மேல்தளத்தில்தான் பல்கலைக்கழக நூலகம். அதுவும் போனது. ஆர்னி மாக்னுசன் என்ற ஐஸ்லாந்துக்காரர் ஆயுள் முழுக்கப் பழைய ஏடுகளாகச் சேர்த்து வைத்திருந்தார். நம் சாமிநாதையர் மாதிரி என்று வைத்துக்கொள். தீ தன் வீட்டுப் பக்கம் வராது என்று நினைத்துக் கடைசிவரை எடுக்காமல் இருந்துவிட்டார். முக்கியமான ஏடுகளை எப்படியோ தப்பவைத்துவிட்டார், அச்சுப் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. ஒன்றேகால் வருஷத்தில் அவரும் போய்விட்டார். "இங்கே வராது சார்" என்று வாசலில் நின்று சொன்னவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தீ அப்போது இரண்டு வீடு தள்ளி இருக்கும்.

வட்டக் கோபுரத்துக்குள் உச்சியில் இருக்கிற கொஞ்சம் படியைத் தவிர வேறு படி இல்லை, சரிவுப் பாதைதான் சுற்றிச் சுற்றிப் போகிறது, ஏழரைச் சுற்று. ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் 1716-இல் குதிரையிலேயே மேலே போனாராம். எனக்கு மூச்சு வாங்கியது. மேலே போய்ப் பார்த்தேன், சிவப்புக் கூரைகள். அவ்வளவுதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இப்போது முக்கு விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

1795 தீ ஜூன் 5-ஆம் தேதி கடற்படையின் மரக் கிடங்கில் பிடித்தது. மூன்று நாள் எரிந்து தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. நிக்கோலாய் தேவாலயம் எரிந்து கோபுரம் மட்டும் மிஞ்சியது. பிற்பாடு அந்தக் கோபுரத்திலேயே தீயணைப்பு ஆட்கள் காவல் இருந்தார்களாம், நல்ல முடிவு, எரிந்த இடத்துக்குத்தான் கண் வேண்டும். அப்புறம் ஊரைத் திரும்பக் கட்டும்போது ஒரு விதி போட்டார்கள். தெரு முக்கில் வீடு கட்டுகிறவன் மூலையைக் கூராக விடக்கூடாது, சாய்வாக வெட்டிக் கட்ட வேண்டும். ஏன் என்று வழிகாட்டிப் பையன் எங்களைக் கேட்டான். ஒருவர் காற்றோட்டம் என்றார். ஒரு அம்மா, அழகுக்கு என்றார். நான் கையைத் தூக்கிவிட்டேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "ஏணி வண்டி திரும்புவதற்கு" என்றேன். பையன் அசந்துபோய்க் குடையால் எனக்கு ஒரு சல்யூட் வைத்தான்.

குதிரை இழுக்கும் வண்டி, அதன் மேல் நீள ஏணி. கூரான மூலையில் திரும்பாது, முட்டிக்கொள்ளும். அதனால் ஊர் முழுக்க மூலையை வெட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் நான் நடந்த ஒவ்வொரு முக்கிலும் அதைத்தான் பார்த்தேன். நான்கு வீடும் நான்கு பக்கம் ஒதுங்கி நின்று வழி விடுகிற மாதிரி இருக்கிறது. வெட்டிய பக்கத்தில் இப்போது காபிக்கடை வாசல் வைத்திருக்கிறார்கள், பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு முக்கில் நான் சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன், அடியெடுத்து வைத்து அளந்தும் பார்த்தேன். கூட்டம் முன்னால் போய்விட்டது, மஞ்சள் குடையைத் தேடி ஓட வேண்டியதாகிவிட்டது.

ஏன் அப்படி நின்றேன் என்றால், நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சித்திரை மாதம். மதியம் ஒரு மணி இருக்கும், குடிசைத் தீ என்று அழைப்பு வந்தது. நாலு நிமிடத்தில் போய்விட்டோம். தெரு முக்கில் ஒரு வீட்டுக்காரர் திண்ணையை ரோட்டுவரை இழுத்துக் கட்டியிருந்தார். வண்டி திரும்பவில்லை. 4,500 லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கிறோம், எரிகிறது கண்ணுக்குத் தெரிகிறது. முன்னால் போய்ப் பின்னால் வந்து, முன்னால் போய்ப் பின்னால் வந்து, டிரைவர் அண்ணன் அழுதுவிட்டார். கடைசியில் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினோம், நான்தான் பிராஞ்ச், அதாவது தண்ணீர் பீய்ச்சுகிற முனை, பிடித்தேன். பதினாலு குடிசை போனது. உயிர்ச்சேதம் இல்லை. எல்லாம் அணைந்தபிறகு ஒரு அம்மா எரிந்துபோன தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சுற்றியது.

அன்றைக்கு உன் ஆண்டு விழா. நீ மயில் வேஷம் போட்டிருந்தாய். நான் வரவில்லை என்று இரண்டு நாள் பேசவில்லை நீ. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளையிடம் என்னத்தைச் சொல்வது என்று விட்டுவிட்டேன், அப்புறம் நீ பெரிய பிள்ளை ஆனபிறகும் சொல்லவில்லை.

சரி. அதற்கப்புறம் அந்தப் பையன் 1807 கதை சொன்னான். ஆங்கிலேயர்கள் ஊரைச் சுற்றி வளைத்து, செப்டம்பர் 2 முதல் 5 வரை ராத்திரி ராத்திரியாகக் குண்டு போட்டு எரித்தார்கள், கப்பல் படையைப் பிடுங்குவதற்காக. பெரிய தேவாலயத்தின் கோபுரம் எரிந்து விழுந்தது. அதில் ராக்கெட்டும் விட்டார்கள். காங்கிரீவ் ராக்கெட். அதை எங்கிருந்து கற்றார்கள் என்று நினைக்கிறாய்? ஹைதர் அலியும் திப்புவும் அவர்கள் மேல் விட்ட மைசூர் ராக்கெட்டைப் பார்த்துச் செய்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடித்தது கோபன்ஹேகன் கூரையில் போய் விழுந்திருக்கிறது. எரிக்கிற வித்தை எவ்வளவு சீக்கிரம் பரவுகிறது பார்.

பொர்சென் என்கிற பழைய பங்குச் சந்தைக் கட்டடம் இருந்த இடத்தில் சாரம்தான் இருந்தது. நான்கு டிராகன்கள் வாலைப் பின்னிக்கொண்டு மேலே போகிற கோபுரம், நீ எனக்கு அந்தப் படத்தை அனுப்பியிருந்தாய். அந்த டிராகன்கள் கட்டடத்தைத் தீயிலிருந்து காக்கும் என்று நம்பிக்கையாம். பக்கத்து அரண்மனை 1794-லும் 1884-லும் எரிந்தபோது இதற்கு ஒன்றும் ஆகவில்லை. 2024 ஏப்ரல் 16 காலையில் பழுதுபார்க்கும் வேலை நடக்கும்போதே பிடித்துக்கொண்டது. செம்புக் கூரை. வெப்பத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், மேலே அடிக்கிற தண்ணீர் தீக்குப் போய்ச் சேராது. டிராகன் கோபுரம் சாய்ந்தது. ஆனால் ஒன்று கேள், ஊழியர்கள், ரோட்டில் போனவர்கள், பட்டாளத்துக்காரர்கள் எல்லாம் சேர்ந்து உள்ளேயிருந்த ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் பாஷையில் சால்வேஜ் என்போம். தீயை அணைப்பது பாதி வேலைதான், மிச்சத்தை எடுத்து வெளியே வைப்பது மறுபாதி. நம் பக்கம் இதை அவ்வளவாகச் சொல்லிக் கொடுப்பதில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு.

கடைசியாக அரண்மனைச் சதுக்கம். நடுவில் ஐந்தாம் பிரெடெரிக் ராஜா குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சிலைக்குக் காசு கொடுத்தது டேனிஷ் ஆசியக் கம்பெனி என்றான் பையன். அந்தக் கம்பெனிதானே நம் தரங்கம்பாடியை வைத்திருந்தது என்றேன். அவனுக்குத் தரங்கம்பாடி தெரிந்திருந்தது, டிரான்கேபார் என்றான். பெரிய லாபமெல்லாம் சீனாவின் தேயிலையில் வந்தது என்று கூடவே சொன்னான், நியாயமான பையன். நாம் நாலு பேரும் அந்தக் கோட்டை மதிலில் உட்கார்ந்து சுண்டல் தின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? குதிரையின் ஒரு குளம்பு நம் பக்கத்துக் காசாக இருக்கலாம் என்று சொல்லிச் சிரித்தேன். அவனுக்கு நூறு குரோனர் கொடுத்தேன். அதிகமா, குறைச்சலா என்று தெரியவில்லை, நீ எதற்கும் விசாரித்துச் சொல்.

இனி உன் வீட்டு விஷயம். அங்கே இருக்கும்போது சொன்னால் சண்டை வரும் என்று பேசாமல் இருந்தேன்.

உன் சமையலறையில் பின் பக்கம் ஒரு கதவு இருக்கிறதே, பின் மாடிப்படிக்குப் போகிற கதவு. அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. முன் படியில் புகை வந்தால் இறங்குவதற்கு வைத்தது. நீ அதன் முன்னால் அரிசி மூட்டை, அப்பளப் பெட்டி, பழைய சூட்கேஸ் இரண்டு, குழந்தையின் தள்ளுவண்டி எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறாய். நான் ஒருநாள் யாரும் இல்லாதபோது திறந்து பார்த்தேன். ஒரு ஜாண் திறந்தது. வெளியே போகவே முடியவில்லை. அந்தப் படியில் கீழ் வீட்டுக்காரர் அட்டைப் பெட்டிகளை வேறு போட்டு வைத்திருக்கிறார். மாப்பிள்ளையை அவரிடம் மரியாதையாகப் பேசச் சொல். ஹாலில் இருக்கிற புகை மணியின் பேட்டரியை நான் மாற்றிவிட்டேன், பழையது செத்துப்போயிருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவைக் காலி செய்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு. கதவு முழுசாகத் திறந்திருக்கிற படம்.

அன்புடன்,
அப்பா