சௌவின் இரவும் ஐப்பசி மழையும்: பேய்க்கதைக்கு விலாசம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் பெரம்பூரிலிருந்து திருவொற்றியூர் வரை ஃபேன்சி கடைகளில் பிளாஸ்டிக் மண்டையோடும் ரப்பர் முகமூடியும் தொங்க ஆரம்பிக்கின்றன. பள்ளிகளில் ‘ஹாலோவீன் டே’ என்று பிள்ளைகளுக்குக் கறுப்பு உடை மாட்டி, நாலு போட்டோ எடுத்து, சாக்லெட் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ‘வெள்ளைக்காரன் பேய் நமக்கு எதுக்கு’ என்று இன்னொரு பக்கம் முணுமுணுப்பு. இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் காணாமல் போவது கதை. அந்த முகமூடிக்குப் பின்னால் அயர்லாந்துக்காரர்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவரும் கதைகள் இருக்கின்றன. மழைக்கால மாலைகளில் சிறுவர்களுக்குக் கதை சொல்கிறவர்கள் என்ற முறையில் அவற்றைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் பெயர். ஹாலோவீனுக்கு மூலமான பழைய ஐரிஷ் திருநாளை, ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து ‘சம்ஹெய்ன்’ என்று எழுதுகிறார்கள். ஐரிஷ் உச்சரிப்பில் நடுவிலுள்ள ‘ம்’ கரைந்துவிடும். ‘சௌவின்’ என்றால் போதும். அது மரணக் கடவுளின் பெயர் என்று இணையத்தில் சுற்றுவதும் தவறு. அது ஒரு பருவத் திருநாளின் பெயர். இன்றைக்கும் ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு அதுதான் பெயர்.

அவர்களுடைய பழைய ஆண்டுக்கு நான்கு மூலைகள்: பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1. பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும் என்பது கணக்கு. அதனால்தான் நவம்பர் 1-இன் திருநாள் அக்டோபர் 31 மாலையிலேயே தொடங்குகிறது. மே மாதம் மலைக்கு ஏற்றிய மாடுகளை நவம்பரில் கீழே இறக்குவார்கள். பனிக்காலத் தீவனத்துக்குத் தாங்காதவற்றை அறுத்து உப்பிடுவார்கள். ஆக, பாதிக் கொட்டில் காலியான வீட்டில், ஐந்து மணிவாக்கிலேயே இருட்டிவிடும் மாலையில் சொல்லப்பட்ட கதைகள் இவை.

மொழிபெயர்க்கிறவர்கள் இதை ‘இலையுதிர் காலக் கதைகள்’ என்று எழுதிவிடுகிறார்கள். தண்டையார்பேட்டைப் பிள்ளைக்கு அதில் ஒரு படமும் மனதில் விழாது. அந்த மாதத்தில் நம் தெருப் பூவரசு இலை உதிர்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகைக்கு நம்மிடம் ‘கூதிர்’ என்று சொந்தப் பெயரே இருக்கிறது. நெடுநல்வாடையின் தொடக்கத்தில், வெள்ளத்தை வெறுத்த கோவலர்கள் மாட்டு மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போய், கொள்ளி நெருப்பில் கை காய்ச்சியபடி கன்னம் நடுங்க நிற்கிறார்கள். அங்கே பனிக்குப் பயந்து மலையிலிருந்து கீழே. இங்கே வெள்ளத்துக்குப் பயந்து பள்ளத்திலிருந்து வெளியே. மாடும் நெருப்பும் குளிரும் ஒன்றுதான். ‘ஐப்பசி அடைமழை ராத்திரி’ என்று ஆரம்பித்துப் பாருங்கள், அறை தானாக அடங்கும்.

இனி, சொல்ல ஏற்ற கதை. பலர் ஃபின் வீரனின் கதையை எடுப்பார்கள்: ஆண்டுதோறும் சௌவின் இரவில் ஒருவன் பழைய ஐரிஷ் அரசர்களின் தாரா குன்றுக்கு வந்து, இசையால் எல்லோரையும் தூங்கவைத்து அரண்மனையைக் கொளுத்துவான், ஃபின் தன் ஈட்டி முனையை நெற்றியில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்து அவனைக் கொல்வான். நல்ல கதைதான், ஆனால் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கள் தேர்வு நேராவின் கதை. பதினைந்து நிமிடம் தாங்கும். அதோடு, தமிழ்ப் பிள்ளைகள் பாதி வழியை ஏற்கெனவே அறிவார்கள்.

சௌவின் இரவு. மேவ் ராணியும் அவள் கணவனும் குரூகன் கோட்டையில், அண்டாவில் கறி வெந்துகொண்டிருக்க உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தின நாள் தூக்கிலிட்ட இரண்டு கைதிகள் வெளியே தொங்குகிறார்கள். ‘அவர்களில் ஒருவன் காலில் பிரம்பு வளையம் மாட்டிவிட்டு வருகிறவனுக்குப் பரிசு’ என்கிறான் ராஜா. போனவன் ஒவ்வொருவனும் இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். நேரா மட்டும் போகிறான். வளையம் மூன்று தடவை கழன்று விழுகிறது. தொங்குகிற பிணமே, ‘ஆப்பு அடிக்காமல் விடிய விடிய மாட்டினாலும் நிற்காதப்பா’ என்று சொல்லிக்கொடுக்கிறது. ஆப்பு அடித்ததும், ‘தூக்கில் போட்டபோதே எனக்குத் தாகம். முதுகில் தூக்கிப்போய் எங்கேயாவது தண்ணீர் காட்டு’ என்கிறது.

முதுகில் பிணம், பிணத்தின் வாயில் பேச்சு: விக்கிரமாதித்தனை அறிந்த எந்தப் பிள்ளையும் இங்கே நிமிர்ந்து உட்காரும். ஆனால் வேதாளம் கேட்டது விடை. இது கேட்பது தண்ணீர்.

மூன்று வீடுகள். முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு வளையம். அந்த வீட்டார் அடுப்பு நெருப்பைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுத்தவர்கள், உள்ளே நுழைய முடியாது. இரண்டாவது வீட்டைச் சுற்றி நீர் வளையம். அங்கே குளித்த தண்ணீரையும் கழுநீரையும் ராத்திரிக்கு விட்டுவைக்கும் வழக்கமில்லை. மூன்றாவது வீட்டில் எல்லாம் அப்படியே கிடக்கிறது. பிணம் கழுநீரைக் குடித்து, கடைசி வாயை உறங்குகிறவர்கள் முகத்தில் துப்புகிறது. அத்தனை பேரும் சாகிறார்கள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். எச்சில் பாத்திரத்தைத் துலக்காமல் போட்டுவிட்டுப் படுத்தால் மூதேவி வருவாள் என்று நம் ஆயாக்கள் திட்டுவது இதே சட்டம்தான். ராட்சசன் கதை கோட்டையோடு முடிந்துபோகும். இது கேட்டவன் வீட்டுச் சமையலறைக்குள் வந்து நிற்கும். அன்றைக்கு ராத்திரி வாளியைக் கவிழ்த்துவைக்கப் பிள்ளைகள் தாமாகவே எழுந்து போவார்கள்.

திரும்பி வந்தால் கோட்டை எரிந்து கிடக்கிறது. வெட்டிய தலைகள் குவியலாக. எதிரிப் படையின் பின்னாலேயே நேரா ஒரு குகைக்குள் போகிறான். மறுவுலகம். அங்கே ஒருத்தி சொல்கிறாள்: ‘நீ பார்த்தது நடந்ததல்ல, அடுத்த சௌவினில் நடக்கப்போவது. உன் ஆட்கள் இன்னும் அதே அண்டாவைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். போய் எச்சரி.’ நம்புவார்களா? ‘கோடைக்காலச் செடிகளைக் கையோடு கொண்டு போ.’ காட்டுப்பூண்டும் மஞ்சள் பூவும் பெரணியுமாக, பனி இரவில், அவன் உள்ளே வருகிறான். அண்டாவில் கறி இன்னும் வேகிறது. அங்கேயே நிறுத்துங்கள். மூலத்தில் கதை மேலே போகிறது. பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

இந்தக் கதை ஏன் சாகவில்லை? விலாசம் இருக்கிறது. அந்தக் குகை அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்து ரத்குரோகனில் (கதையின் குரூகன் இதுதான்), ஒரு வயல் ஓரத்துப் புதரடியில் இன்றும் உண்டு. பெயர் பூனைக் குகை. தவழ்ந்துதான் நுழைய வேண்டும். வாசல் கல்லில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தில் ‘மேவின் மகன்’ என்ற சொல்லும் இருக்கிறது. தாரா குன்றின் மேலுள்ள ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழைய கல்லறை மேட்டுக்குள் சௌவின் காலத்துச் சூரிய உதயம் நேராகப் பாய்கிறது. இடமும் தேதியும் கதைக்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கின்றன. நம் பேய்க்கதைகளோ சினிமா பார்த்துப் பார்த்து ‘ஒரு பாழடைந்த பங்களா’வில் போய் மாட்டிக்கொண்டன. எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்டால் பதில் இல்லை.

சொல்கிற முறைக்கு வருவோம். சென்னையில் அக்டோபர் 31 அன்று சூரியன் மறைவது சுமார் 5.45 மணிக்கு. 6.15-க்கு ஆரம்பித்து 7.15-க்குள் முடித்தால் சிறுவர்கள் மழைக்கு முன் வீடு சேரலாம். கூட்டம் 30 பேர். 40-ஐத் தாண்டினால் மைக் வேண்டியிருக்கும், மைக் வந்தால் பிணத்தின் குரல் ரயில்வே அறிவிப்பாகிவிடும். அரைவட்டமாக மூன்று வரிசை. சொல்கிறவர் சுவரை ஒட்டி உட்கார வேண்டும். கதவு பிள்ளைகளின் முதுகுப் பக்கம், ஒரு சாண் திறந்தபடி. ஏழு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் முன்வரிசையில், பெரியவர் ஒருவரோடு. தகர ஷீட் போட்ட இடம் என்றால் மழை வலுத்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். மழையோடு போட்டிபோட்டுக் கத்தினால் கதை செத்துவிடும். ஐந்து நிமிட மௌனத்தில் அது இன்னும் வளரும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது மூன்று இடங்களில். பிணத்துக்கு ‘ஹா ஹா’ என்று குரல் கொடுப்பது ஒன்று. அது மிரட்டவில்லை, தாகத்தில் கேட்கிறது; சாதாரணக் குரலில் ‘தண்ணி’ என்றால்தான் சில்லிடும். இரண்டாவது, செல்போனில் பின்னணி இசை. மூன்றாவது பெயர். ‘நேரா நேராப் போனான்’ என்று ஒரு தடவை வந்துவிட்டால் அரங்கமே சிரித்துவிடும். தப்பிக்க வழி, முதல் நிமிடத்திலேயே அந்தச் சிரிப்பை நீங்களே கிளப்பி முடித்துவிடுவது. அதன் பிறகு ‘நேராக’ என்ற சொல்லையே தொடாதீர்கள். நேரா, மேவ் தவிர வேறு பெயர் எதுவும் வேண்டாம்.

விளக்கும் வேண்டும் என்பவர்களுக்கு: பரங்கிக்காயைக் குடைவது, அயர்லாந்துக்காரர்கள் அமெரிக்கா போன பிறகு வந்த வழக்கம். அயர்லாந்தில் குடைந்தது டர்னிப் கிழங்கு. மேயோ மாவட்டத்து நாட்டுப்புற அருங்காட்சியகத்தில் உள்ள பழைய டர்னிப் விளக்கின் வார்ப்பு நகலைப் பார்த்தால் சுருங்கிய கிழவன் முகம் போலவே இருக்கும். இங்கே நூக்கல் எடுங்கள்: சுமார் 400 கிராம், இளசாக. முற்றினால் நார் ஓடி கத்தி வழுக்கும். அடியைச் சமமாகச் சீவி, மேலே ஒரு விரல் கனத்துக்கு மூடி வெட்டி, எவர்சில்வர் ஸ்பூனால் சுரண்டுங்கள். சுவர் 1 செ.மீ. நிற்கட்டும், அதற்குக் குறைந்தால் சூட்டில் தொய்யும், கூடினால் வெளிச்சம் தெரியாது. மூடியில் விரல் நுழையும் ஓட்டை அவசியம். இல்லாவிட்டால் காற்றில்லாமல் மெழுகுவத்தி அணைந்து புகையும். உள்ளே 5 செ.மீ. அகலம் இருந்தால்தான் சின்னத் தட்டு மெழுகுவத்தி உட்காரும். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். நம் ஈரக் காற்றில் இரண்டே நாளில் பூஞ்சணம் பூக்கும், ஆகவே அன்று மதியமே குடையுங்கள். கத்தி வேலை பெரியவர்களுக்கு. பாய் விரித்த அறை என்றால் மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. புது வீட்டில் கட்டும் திருஷ்டிப் பூசணியில் கோரைப்பல் வரைவது நமக்குப் பழக்கம்தானே, முகம் வரையப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

இந்தத் தேதி வடசென்னைக்கு அந்நியமும் அல்ல. நவம்பர் 1-ஐத் திருச்சபை சகல புனிதர் திருநாளாக்கியது. அடுத்த நாள் இறந்தோருக்கு. அந்த நவம்பர் 2-இல்தான் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் பூவும் மெழுகுவத்தியுமாகக் குடும்பங்கள் நிறைகின்றன. அன்றைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களில் பேய் வேஷமும் பட்டாசும் வேண்டாம் என்று நிகழ்ச்சி நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். துக்கத்தோடு வருகிறவர்கள் அவர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 50,000 பிள்ளைகள் தாத்தா பாட்டிகளிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கதை கேட்டு நோட்டில் எழுதினார்கள். சேர்ந்தது ஏறத்தாழ 7,40,000 பக்கம். இங்கேயும் இந்த மழை விடுமுறைகளில் 40 பக்க நோட்டு ஒன்று போதும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் கப்பலின் பெயர்தான், நூறு ஆண்டு கழித்தும் ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் தெருவில் புழங்குகிறது. அப்படி எத்தனை மிச்சம் இருக்கிறதோ. நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பில் நான்கு வரி: சொன்னவர் யார், வயது என்ன, நடந்ததாகச் சொல்லும் தெரு எது, எந்த மாதம். சொன்ன பேச்சு மாறாமல், ‘இஸ்துகினு’ என்றால் ‘இஸ்துகினு’ என்றே எழுத வேண்டும். ஆசிரியர்கள் இதைத் திருத்தாமல் இருந்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
மாலைநேரக் கதைசொல்லிகள் சிலர்,
ராயபுரம், தண்டையார்பேட்டை, சென்னை.