பில் கேட்டால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரான்ஸ் போகிறவர்களுக்கென்று வரும் பிரெஞ்சுச் சொற்பட்டியல்களில் வணக்கமும் நன்றியும்தான் இருக்கின்றன. பலர் திணறுவது காசு கொடுக்கும் இடத்தில்.

உணவகத்தில் நாமாகக் கேட்காமல் பில் வராது. கேட்காமல் கொண்டுவந்து வைப்பது 'கிளம்புங்கள்' என்று சொல்வதுபோல் ஆகிவிடும் என்பது அவர்கள் வழக்கம். 'லதிஸியோன், சில் வூ ப்ளே' என்றால் போதும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம் என்பது 1987 முதல் விதி. டிப்ஸ் நம் விருப்பம். கடையென்றால் முதலில் 'போன்ழூர்' (வணக்கம்), பிறகு கார்டுக்கு 'பார் கார்த்', ரொக்கத்துக்கு 'ஆன் எஸ்பெஸ்'.

கேட்டுவிடலாம், பதிலுக்கு அவர்கள் சொல்லும் தொகைதான் வம்பு. பிரெஞ்சில் எழுபது 'அறுபது பத்து', எண்பது 'நான்கு இருபது', தொண்ணூறு 'நான்கு இருபது பத்து'. (நம் தொண்ணூறும் நூறைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, சிரிக்க வேண்டாம்.) 'கத்ர வேன்' 80, 'வேன்த் கத்ர்' 24. மாறிக் காதில் விழுந்தால் 80 யூரோ பில்லுக்கு 24 யூரோவை நீட்டுவோம். விலைச்சீட்டில் 12,50 என்றிருந்தால் பன்னிரண்டரை யூரோ. அங்கே காற்புள்ளிதான் தசமப்புள்ளி. புரியவில்லையா, 'வூ பூவே லேக்ரீர்?' என்று கேளுங்கள், எழுதிக் காட்டுவார்கள்.

கார்டைத் தொட்டுக் கட்டுவது, அதாவது 'சான் கோன்தாக்த்', பொதுவாக 50 யூரோ வரைதான். அதற்கு மேல் பெரும்பாலும் கார்டைச் செருகி 'கோத்', அதாவது பின் எண், போட வேண்டும். திரையில் 'ரெஃப்யூஸே' என்று வந்தால் பணம் போகவில்லை. இந்திய கார்டுகளில் பெரும்பாலும் காரணம், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் 'ஆன்' செய்யாமல் விட்டதுதான். ரூபாயா, யூரோவா என்று கருவி கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், அநேகமாக நமக்கு நஷ்டம். 2024இல் ஐஃபில் கோபுரத்துக்கு யுபிஐ வந்தது உண்மை. அதை நம்பி ரொட்டிக் கடைக்குப் போகாதீர்கள்.

சிறு கடைகளில் 100 யூரோ நோட்டைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். சரியான சில்லறை தருவது வாங்குபவர் பொறுப்பு என்று அங்கே சட்டமே இருக்கிறது. அந்தச் சரியான சில்லறைக்குப் பெயர் 'லப்புவேன்'.

2023 ஆகஸ்ட் முதல் ரசீது தானாக அச்சாகி வருவதில்லை. பொருளை மாற்ற நேரலாம் என்று தோன்றினால், கடைக்காரர் அடுத்தவரைக் கவனிக்கத் திரும்புமுன் 'ல திக்கே, சில் வூ ப்ளே' என்று சொல்லிவிட வேண்டும்.

– பிரெஞ்சு ஆசிரியர், புதுச்சேரி