அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிணங்கும் மனைவியிடம் கணவன் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லும், குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸாவின் 34ஆம் வசனம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'அடியுங்கள்' என்று நாம் படித்து வந்த இடத்தை, லாலே பக்தியார் என்ற பெண்மணி 2007இல் வெளியான தம் ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பில் 'விலகிப் போங்கள்' என்று மாற்றியதைக் கட்டுரையாளர் கொண்டாடியிருக்கிறார். அந்த அரபு வினைக்குப் பல பொருள் உண்டு, சரிதான். ஆனால் படுக்கையில் விலக்கி வையுங்கள் என்று அதற்கு முன்பே வந்துவிட்டதே, மறுபடியும் எங்கே விலகிப் போவது? எனக்கு ஒட்டவில்லை.

என் அத்தா ஓதிய தர்ஜுமா, அதாவது தமிழ் மொழிபெயர்ப்பு, இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் '(இலேசாக) அடியுங்கள்' என்றிருக்கும். அரபியில் 'இலேசாக' கிடையாது; மொழிபெயர்த்தவர் மனம் கேட்காமல் சேர்த்தது. அத்தா அந்த ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். புது விளக்கமே கூடாது என்று முழங்குகிறவர்கள் இந்த அடைப்புக்குறியை ஆட்சேபித்து நான் கேட்டதில்லை. பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியால் தொடுவது போல என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்னதாகப் பழைய தஃப்ஸீரிலேயே, குர்ஆன் விரிவுரையிலேயே, வருகிறது. அடியைச் சுருக்கும் வேலை அன்றே ஆரம்பித்தாயிற்று.

அடிமைகளைப் பற்றிய வசனங்களை என்ன செய்தோம்? அடிமைகளைக் குறிக்கும் 'வலக்கரம் சொந்தமாக்கிக் கொண்டவர்கள்' என்ற தொடர் 4:24இலும் 23:6இலும் அப்படியேதான் இருக்கிறது. சவூதியில் 1962இல் அடிமை முறையை ஒழித்தபோது ஓர் எழுத்தைக்கூட யாரும் திருத்தவில்லை. விடுதலைப் பத்திரம் கேட்டால் எழுதிக் கொடுங்கள் என்கிறது 24:33; அடிமைகளை மீட்கக் கட்டாய தருமமான ஜகாத்தில் பங்கு வைக்கிறது 9:60. வசனங்கள் போகும் திசையைப் பார்த்துத்தான் 'அந்தக் காலம் முடிந்தது' என்று மார்க்கம் படித்த ஹஜ்ரத்மார்கள் பயானில், அதாவது சொற்பொழிவில், சொல்கிறார்கள். மனைவி விஷயத்தில் மட்டும் திசை வேண்டாம், எழுத்து போதும் என்றால் எப்படி? நபிகள் தம் கையால் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளையும் அடித்ததில்லை என்று இருவரையும் சேர்த்தேதான் அவர்களின் துணைவியார் ஆயிஷா நாயகி சொன்னார். 'முஸ்லிம்' என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது.

போன வருடம் உறவுக்காரப் பெண்ணுக்காக ஒரு ஜமாஅத் பஞ்சாயத்துக்குப் போயிருந்தேன். மணிக்கட்டு வீங்கி, கழற்ற முடியாமல் வளையலை அறுத்து எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் 34ஐ ராகத்தோடு ஓதினார். இரு வீட்டாரிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வையுங்கள் என்பது 35. பெண் பக்கத்துக்கு நடுவர் என்று அங்கே ஒருவரும் இல்லை. "அடுத்த வசனத்தையும் ஓதுங்க மாமா" என்றேன் திண்ணையில் இருந்தபடியே.

"டீ வந்துருச்சு, குடிச்சிட்டுப் பேசலாம்" என்றார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கோரிப்பாளையம், மதுரை.